பால்பண்ணைப் பெண்ணும் கண்டியின் றக்பி மைதானங்களும்

2018ஆம் ஆண்டு மார்ச் 10. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள கிரெனோபிள் நகரின் விளையாட்டரங்கில் 17,440 பேர் கூடியிருந்தார்கள். ஆறு நாடுகள் கிண்ணத் தொடரில் பெண்கள் றக்பி போட்டி ஒன்றைக் காண அதுவரை அத்தனை பேர் திரண்டதில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. இங்கிலாந்து 17–13 என முன்னிலையில் நின்றது. அப்போது பிரான்ஸின் பின்கள வீராங்கனை ஜெஸி திரெமூலியேர் பந்தோடு இங்கிலாந்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி, அதை நிலத்தில் அழுத்தினார். ஆட்டம் 18–17 என்று முடிந்தது. அடுத்த வாரமே வேல்ஸையும் வென்ற பிரான்ஸ், ஐந்து போட்டிகளிலும் வென்ற அணிக்குரிய ‘கிராண்ட் ஸ்லாம்’ சிறப்பைப் பெற்றது.

அதே ஆண்டு நவம்பரில் மொனாக்கோவில் நடந்த விழாவில், உலகின் தலைசிறந்த றக்பி வீராங்கனைக்கான விருது திரெமூலியேருக்குக் கிடைத்தது. பிரான்ஸ் நாட்டுப் பெண் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை. 2020 டிசம்பரில், பத்து ஆண்டு காலத்தின் சிறந்தவர்களை உலக றக்பி அமைப்பு தெரிவு செய்தது. பதினைந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஆண்கள் பக்கம் நியூசிலாந்தின் ரிச்சி மெக்கோவும், பெண்கள் பக்கம் ஜெஸி திரெமூலியேரும் தெரிவானார்கள். பிரான்ஸின் நடுப்பகுதியில், மாடு வளர்த்துப் பால் கறந்து விற்கும் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர்.

கண்டியில் இருந்து இந்தக் கதையைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழாமல் இருக்காது. இலங்கையில் றக்பி என்றதும் நினைவுக்கு வருகிற நகரம் கண்டி. மைதானம், கழகம், பயிற்றுநர், பரம்பரை இரசிகர் கூட்டம் என எல்லாமே இங்கு இருக்கின்றன. அப்படியானால் திரெமூலியேரைப் போல ஒரு பெண் இந்த மலைகளிலிருந்து ஏன் இன்னும் எழுந்து வரவில்லை?

மலைநகரின் ஆட்டம்

இலங்கைக்கு றக்பி வந்தது பிரித்தானியரோடு. 1879இல் கொழும்பில் முதல் போட்டி நடந்ததாகப் பதிவு இருக்கிறது. மலையகத்துக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் தோட்டத் துரைமார். டிக்கோயா, திம்புள்ளை, ஊவா என்று தேயிலைப் பிரதேசங்களின் பெயரிலேயே அவர்களுடைய கழகங்கள் அமைந்தன. டிக்கோயாவின் தரவளை மைதானமும் நானுஓயாவை அண்டிய ரதல்லை மைதானமும் அந்தக் காலத்தின் மிச்சங்கள். தேயிலை கொய்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அந்த மைதானங்களை வெளியே நின்று பார்த்தவர்கள்.

துரைமாரின் ஆட்டத்தை உள்நாட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது கண்டிதான். 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தொடங்கிய எல். ஈ. பிளேஸ், தன் மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதின. இலங்கையில் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் றக்பி போட்டி அது. வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. 1945இல் திரித்துவக் கல்லூரிக்கும் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் இடையே பிரட்பி கேடயப் போட்டி தொடங்கியது. கண்டியில் ஓர் ஆட்டம், கொழும்பில் ஓர் ஆட்டம் என இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றியைத் தீர்மானிக்கும் அந்தத் தொடர் இன்றும் இரு நகரங்களின் பழைய மாணவர்களையும் ஒரே இடத்துக்கு இழுத்து வருகிறது.

கழக மட்டத்தில், 1874இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகம் 1992இல் முதல் தடவையாக லீக் பட்டத்தை வென்றது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் கொழும்புக் கழகங்களால் எளிதில் அசைக்க முடியாத அணியாக அது வளர்ந்தது. 1999 முதல் சில ஆண்டுகள் போகம்பறை மைதானத்தில் சர்வதேச எழுவர் போட்டிகளும் நடந்தன. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த வீரர்களைக் கண்டி மக்கள் கையெட்டும் தூரத்தில் பார்த்தார்கள்.

இந்த நகரில் ஒரு பையனுக்கு இருக்கும் பாதை எவ்வளவு தெளிவானது என்பதற்கு பாசில் மரிஜா நல்ல உதாரணம். கிங்ஸ்வூட்டில் ஆடினார். அங்கிருந்து கண்டி விளையாட்டுக் கழகத்துக்கு வந்தார். பின்னர் இலங்கை அணிக்கே தலைமை தாங்கினார். பாடசாலை, கழகம், நாடு என்ற மூன்று படிகளில் முதல் இரண்டும் அவருக்குச் சொந்த ஊரிலேயே இருந்தன.

கண்டிப் பெண்கள் இந்த ஆட்டத்தை அறியாதவர்கள் அல்லர். சேறு படிந்த ஜேர்சியைத் துவைத்துக் காயப்போடுகிற தாய்மார், அண்ணனின் பாடசாலைக் கொடியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கட்டும் வரை கத்துகிற தங்கைமார், ஆட்ட விதிகளை ஆண்களுக்கே விளக்கிச் சொல்லக்கூடிய மாணவிகள் இங்கு நிறையப் பேர். ஆனால் பிரட்பியைப் போல, தலைமுறை தலைமுறையாக எதிர்பார்க்கப்படுகிற ஒரு போட்டி பெண் பிள்ளைகளுக்கு என்று இந்த நகரில் உருவாகவில்லை.

ஆட்டம் எப்படி?

பழக்கமில்லாத வாசகருக்காக அடிப்படையைச் சொல்லிவிடலாம். ஓர் அணிக்குப் பதினைந்து பேர். ஆட்டம் 80 நிமிடம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ வருகிறவருக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் அழுத்தினால் அது ‘ட்ரை’, ஐந்து புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மேலும் இரண்டு. தண்டனை உதைக்கு மூன்று.

பதினைந்தாம் இலக்கச் சட்டை அணிபவர் ‘புல் பேக்’. எல்லோருக்கும் பின்னால் நிற்பவர். எதிரணி உயரமாக உதைக்கும் பந்தை ஓடிவரும் ஆட்களுக்கு நடுவில் பிடிக்க வேண்டும். கடைசி ஆளாக நின்று மடக்க வேண்டும். பந்து கிடைத்ததும் ஓடுவதா, உதைப்பதா, கொடுப்பதா என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும். திரெமூலியேர் பெரும்பாலும் ஆடியது இந்த இடத்தில். சில வேளை பத்தாம் இலக்கத்தில், ஆட்டத்தை நடத்துகிற ‘பிளை ஹாப்’ ஆகவும் ஆடினார். கம்பத்தை நோக்கி உதைக்கும் பொறுப்பும் பல போட்டிகளில் அவருடையதாக இருந்தது.

எழுவர் ஆட்டம் இதன் குறுகிய வடிவம். மைதானம் அதே அளவு. ஆட்கள் ஏழு பேர். ஒரு பாதிக்கு ஏழு நிமிடம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்குமாக இது அறிமுகமானது. ஆசிய நாடுகளின் பெண்கள் அணிகளில் பல இந்தக் குறுகிய ஆட்டத்தின் வழியாகத்தான் உலக அரங்குக்கு வந்திருக்கின்றன. பதினைந்து பேரைத் திரட்டிப் பயிற்றுவிப்பதை விட, வேகமாக ஓடும் பன்னிரண்டு பேரைக் கண்டுபிடிப்பது எளிது.

பிரியூதிலிருந்து மொனாக்கோ வரை

1992இல் பிரியூத் என்ற சிற்றூரில் ஜெஸி திரெமூலியேர் பிறந்தார். எரிமலைக் குன்றுகளும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த ஓவேர்ன் பிரதேசம் அது. சிறு வயதில் அவர் ஆடியது கால்பந்து. பின்னாளில் அவருக்குப் பேர் வாங்கித் தந்த உதையின் துல்லியத்துக்கு அந்தக் கால்பந்து அடித்தளமாக இருந்திருக்கும். விவசாயக் கல்வி கற்கப் போன உயர்தரப் பாடசாலையில்தான் றக்பி பந்து அவர் கைக்கு வந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். சிற்றூர் ஒன்றின் விவசாயப் பாடசாலையில் பெண்களுக்கு றக்பி இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார். அந்த வாய்ப்பு அங்கே இல்லாமற் போயிருந்தால், திரெமூலியேர் கால்பந்தோடு நின்றிருப்பார், அல்லது பாடசாலை முடிந்ததும் நேராகப் பண்ணைக்குத் திரும்பியிருப்பார்.

பாடசாலைக்குப் பின் அவருக்குக் கழகம் கிடைத்தது. கிளெர்மொன் பெரான் நகரை ஒட்டிய ரொமாஞா. பிரியூதிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர்; கிட்டத்தட்ட கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற தூரம். 2011இல், இருபது வயது நிரம்புமுன்னே, தேசிய அணியில் இடம் கிடைத்தது. 2014இல் பிரான்ஸ் தன் சொந்த மண்ணில் உலகக் கிண்ணத்தை நடத்தியபோது அவர் அணியில் இருந்தார். அரையிறுதியில் கனடாவிடம் 18–16 என்று இரண்டே புள்ளியில் தோற்ற பிரான்ஸ், மூன்றாம் இடத்துக்கான போட்டியில் அயர்லாந்தை வென்றது. அரங்கு நிறைந்த கூட்டமும் தொலைக்காட்சி நேரலையும் சேர்ந்து, பெண்கள் றக்பியைப் பிரான்ஸின் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தத் தொடர்தான்.

பின்னர் அவர் நாட்டின் மேற்கே ரென் நகரக் கழகத்துக்கு மாறினார். 2018 அவருடைய ஆண்டு. மார்ச்சில் கிரெனோபிள் வெற்றி. நவம்பரில் அதே அரங்கில் நியூசிலாந்தை 30–27 என்று பிரான்ஸ் வென்றது. உலகக் கிண்ணத்தைப் பல தடவை தூக்கிய, ‘பிளாக் பேர்ன்ஸ்’ எனப்படும் அந்த அணியை பிரெஞ்சுப் பெண்கள் வென்றது அதுவே முதல் முறை. மொனாக்கோ விருது அதற்கு அடுத்த வாரம் வந்தது.

ரென் கழகத்துக்குப் பிறகு அவர் ரொமாஞாவுக்கே திரும்பினார். 2021இல் அந்தச் சிறிய ஊரின் கழகம் பிரான்ஸின் தேசியப் பட்டத்தை வென்றது. தன்னை வளர்த்த கழகத்துக்கு அவர் சேர்ந்து பெற்றுக் கொடுத்த பட்டம் அது. நியூசிலாந்தில் 2022இல் நடந்த உலகக் கிண்ணத்தில் பிரான்ஸ் அரையிறுதியில் 25–24 என ஒரே ஒரு புள்ளியில் தோற்று, மீண்டும் மூன்றாம் இடம் பெற்றது. உலகக் கிண்ணம் மட்டும் அவர் கைக்கு எட்டவில்லை.

2023 ஏப்ரல் 29 அன்று, லண்டன் ட்விக்கன்ஹாம் அரங்கில் 58,498 பேர் முன்னிலையில் அவருடைய கடைசி சர்வதேசப் போட்டி நடந்தது. இடைவேளையில் இங்கிலாந்து 33–0 என்று முன்னிலை. எந்த அணியும் மனம் விட்டுவிடக்கூடிய நிலை. ஆனால் இரண்டாம் பாதியில் பிரான்ஸ் 33 புள்ளிகளைக் குவித்தது. ஆட்டம் 38–33 என்று முடிந்தது. தோல்விதான் என்றாலும், ஒரு பெரிய வீராங்கனையின் வழியனுப்புக்கு அதைவிட மானமுள்ள ஆட்டம் கிடைக்காது. பன்னிரண்டு ஆண்டு தேசிய அணியில் ஆடியவர், அதன் பின் பண்ணை வேலையைத் தன் முழு வாழ்க்கையாக எடுத்துக்கொண்டார்.

தடையிலிருந்து சம்பளம் வரை

திரெமூலியேரின் திறமை அவருடையது. ஆனால் அவர் ஏறிப்போன படிகளை அவருக்கு முந்திய பெண்கள் கட்டினார்கள். அதுவும் எளிதாக நடக்கவில்லை.

பிரான்ஸில் 1960களில் மாணவிகள் சிலர் இந்த ஆட்டத்தைத் தொடங்கினார்கள். தேசிய றக்பி சம்மேளனம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாததால், 1970இல் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்தார்கள். 1972இல் அரசாங்கத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் கேர்னல் மார்சோ கிரெஸ்பன், றக்பி பெண்களின் உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் ஆபத்தானது என்று கூறி, அதற்கு உதவக் கூடாது என எழுத்து மூலம் அறிவுறுத்தினார். பெண்கள் விடவில்லை. 1982 ஜூனில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பிரான்ஸ் பெண்கள் அணி முதல் சர்வதேசப் போட்டியை ஆடி 4–0 என்று வென்றது. தேசிய சம்மேளனம் பெண்களை முழுமையாகத் தன்னோடு இணைத்துக்கொண்டது 1989இல்தான். இரண்டு ஆண்டு கழித்து, வேல்ஸில் பெண்களுக்கான முதல் உலகக் கிண்ணம் நடந்தது.

பணம் அதற்கும் வெகுகாலம் பிந்தி வந்தது. திரெமூலியேர் உலகின் சிறந்த வீராங்கனையான அதே 2018இன் பிற்பகுதியில்தான், பதினைந்தவர் அணி வீராங்கனைகளுக்கு பிரான்ஸ் பகுதிநேர ஒப்பந்தம் வழங்கத் தொடங்கியது. வேலையையோ படிப்பையோ விடாமல் விளையாட்டுக்கும் சம்பளம் பெறலாம் என்ற ஏற்பாடு அது. இங்கிலாந்து 2019 தொடக்கத்தில் முழுநேர ஒப்பந்தமே கொடுத்தது. அதன் பலன் கண்முன்னே தெரிகிறது. 2025 செப்டெம்பர் 27 அன்று ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தும் கனடாவும் மோதிய உலகக் கிண்ண இறுதிப் போட்டியை 81,885 பேர் நேரில் பார்த்தார்கள். பெண்கள் றக்பியின் சரித்திரத்தில் அதுவே மிகப் பெரிய கூட்டம்.

ஐம்பது ஆண்டுக்கு முன் ஒழுக்கத்துக்கு ஆபத்து என்று சொல்லப்பட்ட ஆட்டம் இது. அன்றைய பெண்கள் அந்தக் கடிதத்துக்குப் பணிந்திருந்தால், பிரியூதின் விவசாயப் பாடசாலைக்குப் பந்து வந்து சேர்ந்திராது.

நம் நாட்டுப் பெண்கள்

இலங்கைக்கும் பெண்கள் அணி இருக்கிறது. 2022 ஜூலை இறுதியில், பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவின் எழுவர் றக்பியில் பங்கேற்ற எட்டு அணிகளில் இலங்கையும் ஒன்று. ஆசியாவிலிருந்து அந்தக் களத்தில் நின்ற ஒரே பெண்கள் அணி அது. துலானி பள்ளிக்கொண்டகே போன்ற அனுபவசாலிகள் அதில் ஆடினார்கள்.

அந்தப் பயணம் நடந்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை, மின்வெட்டு, மருந்துத் தட்டுப்பாடு, அதே ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறிய நெருக்கடி. பயிற்சிக்குப் போகப் பஸ் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த நாட்டிலிருந்து போனவர்கள், நியூசிலாந்து, கனடா, இங்கிலாந்து ஆகிய மூன்று வலிய அணிகள் இருந்த பிரிவில் விழுந்தார்கள். மாதச் சம்பளம் வாங்கி, உணவு நிபுணரும் உடற்பயிற்சி நிபுணரும் கூடவே இருக்க வளர்ந்தவர்களோடு மோத வேண்டியிருந்தது. எட்டாம் இடம் கிடைத்தது. பெரிய வித்தியாசத்தில் தோற்றாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இறங்கி நின்ற அந்தப் பெண்களுக்கு இந்த நாடு உரிய மரியாதையைச் செய்யவில்லை.

இலங்கையில் பெண்கள் றக்பியைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகள். படையில் சேர்ந்த இளம் பெண்ணுக்கு அங்கே பயிற்சியும் மைதானமும் சம்பளமும் கிடைக்கின்றன. அந்த அணிகள் இல்லாவிட்டால் தேசிய அணியே இருந்திருக்காது. ஆனால் அதன் குறை தெளிவானது. பதினெட்டு, இருபது வயதில் படைக்குள் வந்த பிறகு முதன்முதலாகப் பந்தைத் தொடுகிறவர், பாடசாலைக் காலத்திலேயே பந்தோடு வளர்ந்த பிரெஞ்சுப் பெண்ணுக்கும் ஐந்து ஆறு வயதில் தொடங்கும் நியூசிலாந்துப் பெண்ணுக்கும் முன்னால் நிற்கும்போது, இடையில் போன ஆண்டுகளை எந்தப் பயிற்சியாலும் மீட்க முடியாது. படையில் சேர விரும்பாத, சேர வாய்ப்பில்லாத பெண்களுக்கு வழியே இல்லாமலும் போகிறது. மலையகத் தமிழ்ப் பெண் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகைக்குள் வருகிறார்கள்.

ஒடிசா காட்டிய வழி

வறுமை தடையா என்ற கேள்விக்கு இந்தியாவில் விடை இருக்கிறது. ஒடிசா மாநிலத்தின் புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்கா சமூக அறிவியல் நிறுவனம் என்ற மிகப் பெரிய இலவச உண்டு உறைவிடப் பாடசாலை இயங்குகிறது. அந்தப் பாடசாலை றக்பியைத் தன் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டது. சப்பாத்து அணிந்து பழகாத பிள்ளைகள் அங்கே பந்தைப் பிடித்தார்கள். இந்திய தேசிய அணிகளுக்கு வீரர்களும் வீராங்கனைகளும் அங்கிருந்து தொடர்ந்து வரத் தொடங்கினார்கள்.

இந்தியப் பெண்கள் பதினைந்தவர் ஆட்டத்தில் முதல் சர்வதேசப் போட்டியை ஆடியது 2018இல்தான். மறு ஆண்டே, 2019 ஜூனில் மணிலாவில், சிங்கப்பூரை 21–19 என்று வென்று முதல் வெற்றியைப் பதித்தார்கள். கடைசி நிமிடங்களில் வெற்றிக்கான தண்டனை உதையை உதைத்தவர் சுமித்ரா நாயக். அந்தப் புவனேஸ்வர் பாடசாலையின் மாணவி. அதே ஆண்டு பிகாரைச் சேர்ந்த சுவீட்டி குமாரி, பெண்கள் றக்பிக்கென்றே இயங்கும் சர்வதேச ஊடகமொன்றின் சிறந்த இளம் வீராங்கனை விருதைப் பெற்றார்.

பிகாரிலும் ஒடிசாவிலும் நூறு ஆண்டு றக்பி மரபு கிடையாது. கண்டியின் நித்தவளை, போகம்பறை போன்ற மைதானங்களும் கிடையாது. ஒரு பாடசாலையின் தீர்மானமும் சில பயிற்றுநர்களின் உழைப்பும்தான் இருந்தன.

கண்டியால் என்ன செய்ய முடியும்?

இந்த நகரில் பெண் பிள்ளைகளின் விளையாட்டுத் திறமை ஏற்கெனவே இருக்கிறது. பாடசாலைகளில் வலைப்பந்து ஆடும் மாணவிகளைக் கவனித்தால் போதும். ஓடும்போதே பந்தைப் பிடிப்பது, பார்க்காமலே பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது, வெற்றிடத்தைக் கண்டு உள்ளே நுழைவது எல்லாம் றக்பிக்கும் வேண்டிய திறன்கள். யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில் ஆசியக் கிண்ணத்தை வெல்ல உதவி, உலகம் அறிந்த வீராங்கனையானார். அவருடைய பாதையும் பாடசாலை மைதானத்தில்தான் தொடங்கியது. தம்புள்ளையில் 2024 ஜூலையில் சமரி அத்தபத்து தலைமையிலான இலங்கைப் பெண்கள் இந்தியாவை வென்று ஆசிய கிரிக்கெட் கிண்ணத்தைத் தூக்கியதை நாடே பார்த்தது. வாய்ப்பும் போட்டிகளும் தொடர்ந்து கிடைத்தால் இந்நாட்டுப் பெண்கள் எங்கு போய் நிற்பார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பெற்றோரின் பயங்கள் நியாயமானவை. அவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். றக்பியில் அடிபடும். முழங்கால் தசைநார்க் காயம் பெண்களுக்கு ஆண்களை விட அதிகமாக வருகிறது என்பதும் மருத்துவம் சொல்லும் உண்மை. அதனால்தான் சிறுவர் சிறுமியருக்கு ஆளை மடக்காத வடிவம் இருக்கிறது. இடுப்பில் செருகிய துணிப்பட்டியைப் பறித்தால் போதும்; அதுவே மடக்கியதாகக் கணக்கு. பந்தைப் பிடிக்கவும் கொடுக்கவும் ஓடவும் அதில் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு, விழுவதற்கும் மடக்குவதற்கும் முறையாகப் பயிற்றப்பட்ட பின்னரே மோதல் ஆட்டத்துக்குள் வருகிறார்கள். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே வெளியே எடுக்க வேண்டும் என்பது இன்று உலகெங்கும் விதி. பயிற்சி பெற்ற பயிற்றுநரும் முதலுதவி தெரிந்தவரும் இல்லாத இடத்தில் எந்தப் பிள்ளையையும், பையனையோ பெண்ணையோ, இந்த ஆட்டத்தில் இறக்கக் கூடாது.

உடை பற்றிய தயக்கமும் இருக்கிறது. கால் முழுவதும் மறைக்கும் இறுக்கமான காற்சட்டையை அணிந்து ஆட விதி அனுமதிக்கிறது. ஆபத்து விளைவிக்காத வகையில் தலைமறைப்பு அணியவும் பெண்களுக்கு அனுமதி உண்டு. தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் ஒரே நகரில் படிக்கும் கண்டிக்கு இது சின்ன விடயமன்று. ஒரே அணியில் எல்லோரும் நிற்கத் தடை எதுவும் விதிப்புத்தகத்தில் இல்லை.

உருவம் பற்றிய கவலை பல மாணவிகளுக்கு இருக்கும். மெலிந்தவளுக்கு முடியாது, பருத்தவளுக்கு ஓட வராது என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணம். றக்பியில் பதினைந்து இடங்களும் பதினைந்து விதமான உடலைக் கேட்கின்றன. முன்வரிசையில் தள்ளுவதற்குக் கனமும் பலமும் வேண்டும். ஓரத்தில் ஓடுவதற்கு வேகம் வேண்டும். நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவர் குட்டையாக இருந்தாலும் குறையில்லை. வேறெந்த விளையாட்டிலும் இடம் கிடைக்காத பிள்ளைக்கும் இங்கே ஓர் இலக்கச் சட்டை இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க அணியின் இலோனா மேர், தன் பெரிய உடலைப் பெருமையோடு பேசியே உலகெங்கும் இளம் பெண்களின் மனதில் இடம்பிடித்தார்.

பிறகு எஞ்சுவது அமைப்புகளின் வேலை. நித்தவளையில் வாரத்தில் ஒரு மாலையைப் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்குவதற்குப் புது மைதானம் கட்ட வேண்டியதில்லை. கண்டியில் ஓய்வுபெற்ற றக்பி வீரர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் மகளிர் பாடசாலைகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கலாம். பயிற்றுநர் சான்றிதழ் பெறப் பெண் உடற்கல்வி ஆசிரியைகளை அனுப்பலாம். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் செங்குத்தான பாதையில் தினமும் ஏறி இறங்கிப் பழகிய பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களைக் கண்டிக்கு அழைத்து வர ஒரு பஸ்ஸும், திரும்பிக் கொண்டுபோய் விட ஒரு பொறுப்பான பெரியவரும் வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பிறகு வீடு திரும்ப வழி இல்லை என்பதே எத்தனையோ மலையகப் பெண் பிள்ளைகளை எல்லா விளையாட்டிலிருந்தும் விலக்கி வைத்திருக்கிறது.

கண்டி மகளிர் பாடசாலைகளின் அதிபர்களும் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர்களும் இதை அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். எட்டுப் பாடசாலை, பாடசாலைக்குப் பன்னிரண்டு மாணவிகள், ஒரு சனிக்கிழமை, மோதல் இல்லாத எழுவர் ஆட்டம். அவ்வளவு போதும். கண்டி விளையாட்டுக் கழகமும் ஆண்கள் கல்லூரிகளும் அன்றைக்கு மைதானத்தையும் நடுவர்களையும் கொடுத்து உதவ வேண்டும். மகள் “நானும் ஆடவா?” என்று கேட்டால், பெற்றோர் முதலில் பயிற்றுநர் யார், முதலுதவி இருக்கிறதா, வீடு திரும்ப வாகனம் உண்டா என்று விசாரியுங்கள். மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அவளை அனுப்பி வையுங்கள்.